சமணமலை அடிவாரத்துப் பாப்பா: மதுரைப் பயணக் குறிப்பு

வெள்ளி

பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரைக்கு வந்து சேர்றப்பவே வெயில் ஏறிருச்சு. அக்னி நட்சத்திரம் இன்னும் முடியல, இந்த நேரத்துல போயி மலை ஏறப் போறியான்னு வீட்ல எல்லாரும் கேட்டாங்க, ஆனா எனக்கு இப்பதான் வாய்ச்சது. வேலை பாத்த கம்பெனிய போன வருஷம் மூடிட்டாங்க, அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல இருந்தேன், அதுக்கப்புறம் வேற வேலை தேடவே மனசு வரல, சேமிப்புல ஓட்டிக்கிட்டு இருக்கேன். காலையில எந்திரிச்சா இன்னைக்கு எதுக்குன்னு ஒரு காரணமும் இல்லாம நாள் போறது எவ்வளவு கஷ்டம்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். மதுரையைச் சுத்தி இருக்குற சமணக் குன்றுகள ஒவ்வொண்ணா பாக்கணும்னு காலேஜ் நாள்லருந்து ஆசை, சரி இப்பவாச்சும் போவோம்னு கிளம்பிட்டேன். கூடப் படிச்ச தோழி ஒத்தக்கடையில இருக்கா, அவ வீட்டு மாடி ரூம்ல தங்கல், அவளோட ஸ்கூட்டர்ல சுத்தல்.

இன்னைக்கு மாங்குளம். ஓவாமலைன்னு சொல்றாங்க. மேல ஏறுனா பாறைக்கு அடியில கல்லுப் படுக்கைங்க, தலை வைக்கிற பக்கம் மட்டும் லேசா உசத்தி செதுக்கியிருக்கு, மழைத்தண்ணி உள்ள வராம இருக்க மேல பாறையில காடி வெட்டி விட்டிருக்காங்க. அந்தக் காடிக்குப் பக்கத்துலதான் எழுத்து, தமிழி எழுத்து, தமிழ் பிராமின்னும் சொல்வாங்க. 1882ல ராபர்ட் சீவெல்ங்கிறவரு கண்டுபிடிச்சாரு, அதுல பாண்டிய ராசா நெடுஞ்செழியன் பேர் இருக்குன்னு 1960கள்ல கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் படிச்சுச் சொன்னாரு. நெடுஞ்செழியன் பேரத் தேடித்தான் எல்லாரும் போறாங்க, எனக்கு என்னமோ இன்னொரு வரிதான் பிடிச்சது. வெள்ளறை நிகமத்தார் கொடுத்ததுன்னு ஒரு கல்வெட்டு. வெள்ளறைங்கிறது ஊர்ப் பேரு, நிகமம்னா வணிகர் கூட்டம். ராசாவோட அதிகாரி கொடுத்ததுக்குப் பக்கத்துலயே வியாபாரிங்க சேந்து காசு போட்டு ஒரு சாமியாருக்குப் படுக்க இடம் செஞ்சு கொடுத்துருக்காங்க, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி. யாரு எவ்வளவு போட்டாங்கன்னு ஓலையில கணக்கு எழுதியிருப்பாங்கல்லன்னு நெனச்சுக்கிட்டே ரொம்ப நேரம் அங்க உக்காந்திருந்தேன்.

அரிட்டாபட்டிக்கும் போயிட்டு வந்தோம். 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச ஊரு. அதப் பத்தித் தனியாத்தான் எழுதணும்.

சனி

தோழிக்கு இன்னைக்கு வேலை, அதனால பெரியார் பஸ் ஸ்டாண்டுலருந்து நானா பஸ் ஏறி நாகமலை புதுக்கோட்டையில இறங்கி, அங்கருந்து ஷேர் ஆட்டோவுல கீழக்குயில்குடி. போனவங்களுக்குத் தெரியும், அடிவாரத்துல பெரிய பெரிய ஆலமரம், அய்யனார் கோயில், தாமரைக் குளம், குளத்துக்குப் பின்னாடி அப்படியே மொட்டப் பாறையா சமணமலை. காலையில ஏழு மணிக்கே நுங்கு வெட்டி வித்துக்கிட்டு இருந்தாங்க ஒரு அப்பத்தா. பக்கத்துல சாக்கு விரிச்சு ஒரு பிள்ளை உக்காந்து நுங்க எண்ணி எண்ணி ஓலையில கட்டிக்கிட்டு இருந்துச்சு. ஏழு வயசு இருக்கும்னு நெனச்சேன், பத்து முடிஞ்சு ஜூன்ல ஆறாவது போறாளாம். நெத்தி கொஞ்சம் பொடச்சு, கன்னத்து எலும்பு தூக்கலா, கண்ணு வெள்ளையில லேசா மஞ்சள்.

"மேல போறீங்களாக்கா? செருப்ப இங்கிட்டே விட்டுட்டுப் போங்க, பாற வழுக்கும். பேச்சிப்பள்ளத்துல தண்ணி இருக்கு, ஆனா குடிக்காதீங்க. எட்டு செல இருக்கும். அதுல ஒண்ணு ஒரு அம்மா செஞ்சு வச்சது, கீழ எழுதிருக்கு."

ஒரே மூச்சுல சொல்லிட்டு மூச்சு வாங்குனா. நீயும் வாயேன், காட்டுன்னு கூப்பிட்டேன். அவ விரல மடக்கிப் பாத்துட்டு "இது மூணாவது வாரம்க்கா, படியே ஏற முடியாது"ன்னு சொன்னா, இன்னைக்குக் கடை லீவுன்னு சொல்ற மாதிரி ரொம்ப சாதாரணமா.

அப்புறம் அவளே விளக்குனா. ரத்தம் ஏத்துன மொத வாரம் உச்சி வரைக்கும் ஓடுவாளாம், மாதேவிப் பெரும்பள்ளின்னு பழைய சமணப் பள்ளியோட (சாமியாருங்க தங்குன மடம்) அடித்தளம் கிடக்குற இடம் வரைக்கும். ரெண்டாவது வாரம் பேச்சிப்பள்ளம் வரைக்கும். மூணாவது வாரம் குளத்தங்கரை. நாலாவது வாரம் ஆயிருச்சுன்னா வீட்டு வாசப்படி.

அப்பத்தா நுங்கு சீவிக்கிட்டே சொன்னாங்க, "தலசீமியாத்தா. எட்டு மாசக் கொழந்தையிலருந்து ஏத்துறோம். ஒடம்புல ஊறுற ரத்தம் தங்க மாட்டேங்குதாம்."

தலசீமியான்னா பேர் கேள்விப்பட்டிருக்கேன், அவ்வளவுதான். ரத்தத்துல ஆக்சிஜனச் சுமக்குற ஹீமோகுளோபின சரியா செய்யுறதுக்கான மரபணுவுல கோளாறு, அதனால செவப்பணு முழுசா வளராமலே அழிஞ்சு போகுது, இருக்குறதும் சீக்கிரம் ஒடஞ்சிருது. ரத்தம் பத்தலன்னு எலும்பு மஜ்ஜை வீங்கி வேலை பாக்குது, அதனாலதான் நெத்தியும் கன்னமும் அப்படித் தூக்கலா ஆயிருது. மூணு வாரத்துக்கு ஒருக்கா, சில பேருக்கு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, வேற யாரோ கொடுத்த ரத்தத்தை ஏத்திக்கிட்டே இருக்கணும், வாழ்நாள் முழுக்க. இதெல்லாம் ராத்திரி ரூமுக்கு வந்து படிச்சது. அங்க உக்காந்திருந்தப்ப அந்தப் பிள்ளையோட பேச்சத் தவிர எதுவும் மனசுல ஏறல.

நான் மட்டும் ஏறிப் போனேன். பேச்சிப்பள்ளத்துல வரிசையா தீர்த்தங்கரர் (சமணத்தோட பெரிய குருமாருங்க) சிலைங்க, கீழ வட்டெழுத்துங்கிற பழைய தமிழ் எழுத்துல செஞ்சு வச்சவங்க பேரு. அவ சொன்னது அச்சணந்திங்கிற சமண முனிவரோட தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. ஆயிரம் வருஷத்துக்கும் மேல ஆச்சு. இந்த மலைக்கெல்லாம் பசுமை நடைங்கிற மதுரைக் குழுக்காரங்க ஆளுங்களக் கூட்டிட்டு வந்து விளக்கம் சொல்றது வழக்கம், அந்த மாதிரி வர்றவங்க பின்னாடியே நடந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிருக்கா.

இறங்கி வந்ததும் "பாத்தீங்களா, அந்த அம்மாவப் பாத்தீங்களா?"ன்னு கேட்டா. பேர் சொன்னேன். "குணமதியார்"னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டா. கிளம்புறப்ப அப்பத்தா "நாளைக்கு ஞாயித்துக்கிழம, இவ அம்மா வீட்ல இருப்பா, வந்து ஒரு வா காப்பி குடிச்சிட்டுப் போ தாயி"ன்னாங்க.

ஞாயிறு

போனேன். ரெண்டு ரூம் வீடு, வாசல்ல முருங்கை மரம். காய் வித்துருவாங்களாம், கீரை அக்கம்பக்கத்துல பறிச்சுக்குவாங்களாம், ஆனா இந்த வீட்ல பாப்பாவுக்கு முருங்கைக்கீரை கிடையாது. ஊர்ல யாரைப் பாத்தாலும் பேரீச்சம்பழம் கொடு, முருங்கைக்கீரை கொடு, சத்து டானிக் கொடு, ரத்தம் ஊறும்னு சொல்றாங்களாம், வந்தவங்க வாங்கிட்டும் வந்துருவாங்களாம். இந்த நோய்க்கு அதுதான் ஆகாது. ஏத்துற ஒவ்வொரு பாக்கெட்டுலயும் இரும்புச் சத்து ஏறக்குறைய 200 மில்லிகிராம் உள்ள போகுது, ஒடம்புக்கு அத வெளியேத்த வழியே இல்ல, அது அப்படியே ஈரல்லயும் இதயத்துலயும் போயி படியுது. ரத்தம் ஏத்தாட்டியும் ஆபத்து, ஏத்துனதோட மிச்சமும் ஆபத்து. அதனால இரும்ப வெளியேத்த தினம் மாத்திரை.

அந்த மாத்திரையை அவ சாப்புடுறதப் பாத்தேன். காலையில வெறும் வயித்துல. கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி, பெரிய மாத்திரைங்க, போட்டுட்டுக் கலக்கிக்கிட்டே இருக்கா, சுண்ணாம்புத் தண்ணியாட்டம் ஆகுற வரைக்கும். கண்ண மூடிட்டு ஒரே இழுப்பு. அதோட முடியல. டம்ளர் அடியிலயும் ஓரத்துலயும் வெள்ளையா ஒட்டியிருக்குல்ல, அதுல இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தி, டம்ளரச் சாச்சுச் சுத்தி, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாத்து, அதையும் குடிச்சா. ஒட்டியிருக்குறதும் மருந்துதான்க்கான்னா. யாரும் சொல்லல, யாரும் நிக்கல. அவ அம்மா அடுப்படியில இருந்தாங்க. அரை மணி நேரம் கழிச்சுத்தான் இட்லி, அது வரைக்கும் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா, பசிக்குதுன்னு கூட சொல்லல.

அவ அம்மா என்னை விட சின்னவங்க. மாமன் மகனத்தான் கட்டியிருக்காங்க. ரெண்டு பேருமே இந்தக் கோளாறோட ஒரு பாதியச் சுமக்குறவங்க, ஆனா ரெண்டு பேருக்கும் ஒரு நோயும் கிடையாது, பாப்பாவுக்கு வந்ததுக்கப்புறம்தான் தெரிஞ்சது. அப்படி ரெண்டு பேர் சேந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. மூத்த பையனுக்கு ஒண்ணும் இல்ல. எலும்பு மஜ்ஜை மாத்துனா குணமாகும்னு அவனோடத டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்களாம், பொருந்தல. "எங்க மாமியார் ஒரு வார்த்த என்னச் சொன்னதில்லக்கா, ஆனா ஊரு சொல்லுச்சு, இவ வயித்துல வந்த கோளாறுன்னு." இத எழுதுறப்ப எனக்குக் கோவம் வருது. அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு, ரெண்டும் சேந்தாத்தான் நோய். இத ஊர்க்காரங்க கேக்கணும்னுதான் இங்க எழுதுறேன்.

அவங்க நாத்தனாருக்கு இப்ப மாப்பிள்ளை பாக்குறாங்க. ஜாதகம் பாக்குறதுக்கு முன்னாடி ஹெச்பி ஏ டூ டெஸ்ட் எடுக்கணும்னு இந்த அம்மா ஒத்தக்கால்ல நின்னு, நாத்தனாருக்கும் எடுத்து, பாக்க வர்ற மாப்பிள்ளைக்கும் எடுக்கச் சொல்லியிருக்காங்க. அந்தப் பாதிக் கோளாறு இருக்கான்னு காட்டுற ஒரு ரத்த டெஸ்ட், அவ்வளவுதான். ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இல்லேன்னா பயமே இல்ல. சொந்தத்துல கட்டுறவங்க மட்டுமில்ல, யாரா இருந்தாலும் எடுத்துப் பாக்கலாம்.

பாப்பாவோட அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுறாரு. மகளுக்கு ரத்தம் கொடுக்கலாம்னு ஆசையா போயிருக்காரு. விரல்ல குத்திப் பாத்துட்டு உங்களுக்கு ஹீமோகுளோபின் பத்தாது, 12.5 இருந்தாத்தான் எடுப்போம்னு அனுப்பிட்டாங்களாம். பாதிக் கோளாற சுமக்குறவங்களுக்கு எப்பவுமே கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். "பெத்தவன் ரத்தம் பிள்ளைக்கு ஆகல பாத்தீங்களா"ன்னு சொல்லிட்டு வெளிய போயி ஆட்டோவத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு.

அப்புறம் பாப்பா ஒரு பழைய டைரி எடுத்துட்டு வந்து காட்டுனா. யாரோ கொடுத்த நகைக்கடை டைரி. எழுதத் தெரிஞ்ச நாள்லருந்து அவளுக்கு ஏத்துன ஒவ்வொரு பாக்கெட்டோட நம்பரும் அதுல இருக்கு. தேதி, பாக்கெட் நம்பர், எந்தக் கை. ஆரம்பத்துல எழுத்து கோணக் கோணையா, போகப் போக நேரா. இது எதுக்கும்மான்னேன். "மலையில செஞ்சவங்க பேர வெட்டி வச்சிருக்காங்க. பாக்கெட்டுல பேரு போட மாட்டாங்க, நம்பருதான். அதான் நம்பர எழுதி வச்சுக்கிறேன்"னா.

பேரு எல்லாம் இங்க போட வேணாம்னு அவங்க அம்மா கேட்டுக்கிட்டாங்க. பாப்பான்னே எழுதுறேன். அவ எழுதச் சொன்னது ஒண்ணு மட்டும்தான், குளத்துல பிளாஸ்டிக் பாட்டில் போடாதீங்க.

திங்கள்

திருப்பரங்குன்றம் போனேன், கூட்டம், சீக்கிரம் திரும்பிட்டேன். நாளைக்கு அவளுக்கு ரத்தம் ஏத்துற நாள். நானும் வரட்டுமான்னு போன் பண்ணிக் கேட்டேன், வாங்கன்னாங்க.

செவ்வாய்

ஆஸ்பத்திரி பேர் எழுதல. காலையிலயே போயிட்டோம். மொதல்ல ஹீமோகுளோபின் பாத்தாங்க, 7.6. ஒன்பதுக்குக் கீழ போகாம வச்சுக்கணும்னுதான் டாக்டருங்க சொல்றது. பொருத்தம் பாக்க சாம்பிள் எடுத்துட்டு, பாக்கெட் வர்றதுக்குக் காத்திருக்கணும்.

அந்த நேரத்துல நான் ரத்த வங்கிக்குப் போனேன். என் வாழ்க்கையில ரத்தம் கொடுத்ததில்ல, யாரும் கேட்டதும் இல்ல. பாரம் ஒண்ணு கொடுத்தாங்க, வயசு 18லருந்து 65க்குள்ள, எடை 45 கிலோவுக்கு மேல, சமீபத்துல பச்சை குத்துனீங்களா, மஞ்சக்காமாலை வந்துச்சா, என்ன மாத்திரை சாப்புடுறீங்கன்னு வரிசையா கேள்வி. விரல்ல குத்திப் பாத்தா எனக்கு 13. படுக்க வச்சு, கையில ஒரு ஸ்பாஞ்ச் பால் கொடுத்து அமுக்கி அமுக்கி விடச் சொன்னாங்க. 350 மில்லி, பத்து நிமிஷம் கூட ஆகல. ஊசி போற நேரம் சுருக்குன்னு இருந்துச்சு, அதோட சரி. பக்கத்துல பாக்கெட்ட ஒரு சின்ன மெஷின் ஆட்டிக்கிட்டே இருக்கு, ரத்தம் உறையாம இருக்க. அதுக்குள்ள என் ரத்தம் நெறைறதப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வேலை முழுசா முடிச்ச மாதிரி இருந்துச்சு.

நான் பி பாசிட்டிவ். பாப்பா ஓ பாசிட்டிவ். என்னோடது அவளுக்குச் சேராது.

அத அவகிட்ட சொன்னேன். அவ கொஞ்சம் யோசிச்சுட்டு, பக்கத்துக் கட்டில்ல இருந்த குட்டிப் பையனக் காட்டி, "அவன் பி பாசிட்டிவ்தான்க்கா, நாலு வயசு, ஊசின்னா ரொம்ப அழுவான். அவனுக்குக் கொடுத்துருவாங்க"ன்னா. உடனே இன்னைக்கே அவனுக்குப் போகாது, எய்ட்ஸ், மஞ்சக்காமாலை பி, சி, மேகநோய், மலேரியா எல்லாம் டெஸ்ட் பண்ணி, செவப்பணு, தட்டணு, பிளாஸ்மான்னு தனித்தனியா பிரிச்சு, அதுக்கப்புறம்தான்னு நர்ஸம்மா சொன்னாங்க. செவப்பணுவ குளிர்ல 42 நாள் வரைக்கும் வைக்கலாமாம், தட்டணு அஞ்சு நாள்தானாம். ஆனா தலசீமியா பிள்ளைங்களுக்கு முடிஞ்ச வரைக்கும் புதுசா கொடுத்தாத்தான் நல்லது, பழசுன்னா அணுங்க சீக்கிரம் ஒடஞ்சு போயி மறுபடி சீக்கிரமே ஏத்த வேண்டி வரும்.

பாப்பாவுக்குப் பாக்கெட் வந்தது மத்தியானம். ரெண்டு கையிலயும் ஊசி குத்திக் குத்தி நரம்பு தெரியாம போயிருக்கு. நர்ஸம்மா தடவித் தடவித் தேடுறாங்க. அவ மெதுவா "போன தடவ வலது, இந்தத் தடவ இடது, இங்க பாருங்க சிஸ்டர், இது கிடைக்கும்"னு முழங்கைக்குக் கீழ ஒரு இடத்த விரல் வச்சுக் காட்டுறா. கிடைச்சது. ஊசி போறப்ப உதட்டக் கடிச்சுக்கிட்டா. பாக்கெட்ட மாட்டுனதும் பென்சில எடுத்து டைரியில நம்பர எழுதுனா. எடுத்த தேதியையும் பாத்தா. "ஆறு நாள்தான்க்கா ஆச்சு, புதுசு"ன்னு சந்தோஷமா சொன்னா.

மூணு மணி நேரத்துக்கு மேல சொட்டுச் சொட்டா இறங்குச்சு. வார்டு முழுக்க இதே மாதிரி பிள்ளைங்க. டிபன் பாக்ஸ், கலர் பென்சில், போன்ல கார்ட்டூன், ஒருத்தன் கட்டிலு கம்பியில ஏறப் பாக்குறான், அவன் அம்மா ஒரு கையால அவனையும் ஒரு கையால டியூபையும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. எல்லா அம்மாவுக்கும் எல்லாப் பிள்ளையோட குரூப்பும் தெரியுது. சாயந்தரம் பாப்பாவோட உதட்டுல நெறம் வந்துருச்சு. நான் கண்ணால பாத்தேன், காலையில வெளுத்துக் கிடந்த நகம் சாயந்தரம் ரோஸ் கலர்ல.

திரும்பி வர்ற வழியில டைரியக் கடனாக் கேட்டேன். ஒரு ராத்திரிக்கு மட்டும்னு சொல்லிக் கொடுத்தா.

புதன்

இன்னைக்குக் கீழடி அருங்காட்சியகம் போறதா பிளான். போகல. ராத்திரி முழுக்கத் தூங்கவும் இல்ல, டைரிய வச்சுக்கிட்டு ஒரு நோட்டுல தேதி தேதியா போட்டுக்கிட்டு இருந்தேன்.

வரவு செலவுப் புத்தகம் பாத்துப் பழகுன கண்ணு, இடைவெளி உடனே தெரியும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்ல எல்லாம் இருபத்தொரு நாள், இருபத்திரெண்டு நாள்னு ஒழுங்கா போகுது. ஏப்ரல், மே வந்தா இருபத்தெட்டு, முப்பத்தொண்ணு, ஒரு வருஷம் முப்பத்தஞ்சு. தீபாவளி, பொங்கல் பக்கத்துலயும் இப்படித்தான். அவ அம்மாகிட்ட போன்ல கேட்டேன். பாக்கெட் இல்லம்பாங்க, ரெண்டு நாள் கழிச்சு வாங்கம்பாங்க, ஆள் கூட்டிட்டு வாங்கம்பாங்க, நாங்க யாரக் கூட்டிட்டுப் போவோம்னாங்க. தலசீமியா பிள்ளைங்களுக்கு பதிலுக்கு ஆள் கேக்காம இலவசமா ரத்தம் கொடுக்கணும்ங்கிறதுதான் விதி. ஆனா ரத்த வங்கி குளிர்பெட்டியில இருந்தாத்தான கொடுக்க முடியும். ரத்த தான முகாம் நெறைய காலேஜ்லதான் நடக்குது, பரீட்சை, லீவுன்னு வந்தா பிள்ளைங்க ஊருக்குப் போயிடுவாங்க, வெயில்ல யாரும் வர மாட்டாங்க. ஒரு பத்து வயசுப் பிள்ளை ஒவ்வொரு கோடையிலயும் வாசப்படிய விட்டு இறங்க முடியாம கிடந்தது அந்த டைரியில தேதியா எழுதியிருக்கு.

அப்புறம் கணக்கப் போட்டேன். மூணு வாரத்துக்கு ஒருக்கான்னா வருஷத்துக்கு 17, மிஞ்சிப் போனா 18. அவளுக்கு இப்போதைக்கு ஒரு தடவைக்கு ஒரு பாக்கெட், வளர வளர ரெண்டு ஆகும். ஆம்பள மூணு மாசத்துக்கு ஒருக்கா கொடுக்கலாம், வருஷத்துக்கு நாலு. பொம்பள நாலு மாசத்துக்கு ஒருக்கா, வருஷத்துக்கு மூணு. அப்ப ஓ பாசிட்டிவ் ஆம்பள அஞ்சு பேர் இருந்தா 20. ஒரு வருஷம் முழுக்கப் போதும், காய்ச்சல், கல்யாணம்னு ஒருத்தர் தவறுனா கூட சமாளிக்கலாம். அஞ்சே பேர். இந்த ஊர்ல எத்தனை லட்சம் பேர் இருக்காங்க.

இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாம இல்ல. ஆனா யாரு, எந்தத் தேதி, அடுத்து எப்ப, அவருக்கு ஒரு வாரம் முன்னாடி யாரு போன் பண்ணி ஞாபகப்படுத்துறதுன்னு உக்காந்து பாக்குறதுக்கு ஒரு ஆள் வேணும். எனக்குத் தெரிஞ்ச வேலையே அதுதான். எந்தப் பில்லு எந்தத் தேதிக்கு, யாரு கட்டலன்னு பாத்துப் பாத்தே இத்தன வருஷம் சோறு தின்னுருக்கேன். அந்த வேலை ஒரு பிள்ளை மலை ஏறுறதுக்கு உதவும்னு யாரும் எனக்குச் சொன்னதில்ல.

மத்தியானத்துலருந்து போன். தோழியோட தம்பி ஓ பாசிட்டிவ், வர்றேன்னுட்டான். பாப்பாவோட அப்பா ஆட்டோ ஸ்டாண்டுல பேசுனாரு, ரெண்டு பேர் கை தூக்குனாங்க, மூணாவதா ஒருத்தரு "எனக்கு குரூப்பே தெரியாது, வந்து பாத்துக்கிறேன்"னு சொல்லியிருக்காரு. வெள்ளறை நிகமத்தார் ஞாபகம் வந்துச்சு. அவங்க யாருன்னு இன்னும் தெரியாது, வியாபாரம் பண்ணாங்க, சேந்து கொடுத்தாங்க, அதுதான் தெரியும்.

ஒண்ணு மட்டும் தெளிவா எழுதிருறேன், ஏன்னா போன்ல எல்லாரும் கேக்குறாங்க. நீங்க கொடுக்குறது இந்தப் பிள்ளைக்கேதான் போகும்னு சொல்ல முடியாது, ரத்த வங்கிக்குத்தான் கொடுக்குறோம், அன்னைக்கு யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்கு. அவ ஏத்துற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி நம்ம ஆள் ஒருத்தர் அதே குரூப்ல கொடுத்துட்டா, டெஸ்ட் முடிஞ்சு பெட்டியில ஒரு ஓ பாசிட்டிவ் கூடுதலா இருக்கும். அதுதான் ஏற்பாடு.

வியாழன்

டைரியத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஆறு மணிக்கே வாசல்ல செருப்பில்லாம ரெடியா நிக்கிறா.

ஓடுனா, நான் இத மிகைப்படுத்தல, ஓடுனா. பாறையில வெட்டியிருக்குற படியில ரெண்டு ரெண்டா தாண்டிப் போயி மேல நின்னுக்கிட்டு "வாங்கக்கா, வெயில் வந்துரும்"ங்கிறா. மூச்சு வாங்குனது எனக்குத்தான். சனிக்கிழமை பேசுனதுக்கே மூச்சு வாங்குன அதே பிள்ளை. பேச்சிப்பள்ளத்துல குணமதியார் செஞ்சு வச்ச சிலைகிட்டப் போயி எழுத்துக்கு மேல விரல் படாம காத்துலயே வரைஞ்சு காட்டுனா, தொட்டா தேஞ்சிருமாம். அங்க நிக்கவே இல்ல, அதுக்கு மேலயும் ஏறி, பள்ளியோட அடித்தளம் கிடக்குற இடம் வரைக்கும் போயிட்டோம். மேலருந்து பாத்தா குளம், ஆலமரம், தூரத்துல நாகமலை நீளமா, இந்தப் பக்கம் பூரா மதுரை.

நீ பெரியவளாயி என்ன ஆகப் போறன்னு பெரியவங்க கேக்குற அந்தக் கேள்விய நானும் கேட்டேன். ஆறாவது படிக்கணும், புதுப் பள்ளிக்கூடம் மெயின் ரோட்டுக்கு அங்கிட்டு இருக்கு, சைக்கிள் ஓட்டக் கத்துக்கணும்னா. அப்புறம், இங்க வர்றவங்களுக்கு இந்த எழுத்தெல்லாம் படிச்சுச் சொல்லணும், அதுக்கு வட்டெழுத்து எங்கக்கா சொல்லித் தருவாங்கன்னு கேட்டா. நல்லா மருந்து எடுத்துக்கிட்டு ஒழுங்கா ரத்தம் ஏத்துன தலசீமியா பிள்ளைங்க படிச்சு, வேலைக்குப் போயி, கல்யாணம் பண்ணி, குழந்தை பெத்து நாப்பது அம்பது வயசத் தாண்டி நல்லா இருக்காங்க. அதனால வட்டெழுத்துக் கத்துக்க அவளுக்கு நேரம் நெறைய இருக்கு. எழுத்து வரிசைய பிரிண்ட் எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன்.

சென்னைக்கு டிக்கெட் நாளைக்கு ராத்திரி. போயி ரூம காலி பண்ணிட்டு, பார்ட் டைமா யாராச்சும் ரெண்டு மூணு கடைக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுற வேலை மதுரையிலயே பாக்கலாம்னு இருக்கேன், தோழி ரெண்டு கடைக்காரங்ககிட்ட பேசியிருக்கா. வார்டுல இருந்த மத்த அம்மாங்களும் அவங்க பிள்ளைங்க குரூப்பும் தேதியும் எழுதித் தந்திருக்காங்க, அந்த பி பாசிட்டிவ் குட்டிப் பையனுக்கு நான் ஒரு ஆள், இன்னும் நாலு பேர் வேணும்.

பாப்பாவுக்கு ஜூன் பூரா ஆள் ஆயாச்சு, ஜூலை மொத தேதிக்கும் ஆயாச்சு. அதுக்கப்புறம் ரெண்டு கட்டம் காலியா இருக்கு. ஓ பாசிட்டிவ், மதுரைக்குள்ளயோ திருமங்கலம், மேலூர் பக்கமோ இருக்கணும், 18 வயசு ஆயிருக்கணும், கடைசியா கொடுத்து ஆம்பளன்னா மூணு மாசம், பொம்பளன்னா நாலு மாசம் ஆயிருக்கணும், காலையில நல்லா சாப்பிட்டுட்டு வரணும். குரூப் தெரியலன்னாலும் வாங்க, அங்கயே பாத்துச் சொல்லிருவாங்க.